இருநூறு மணி நேரம் போதுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். இயற்பியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். புதியவர்களுக்குப் பயிற்சி தந்து விமானியாக்கும், ஒரு விமான நிறுவனத்தின் கேடட் பைலட் திட்டத்துக்கான தேர்வுகளில் தேறிவிட்டேன். பயிற்சி முழுவதற்கும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறார்கள். அப்பா தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். இந்த நிலையில் என் தாய்மாமா, "இருநூறு மணி நேரம் ஓட்டினவனை நம்பி நூற்றெண்பது பேரை ஏற்றுவார்களா? தெரிந்தால் நான் அந்த விமானத்தில் ஏறவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கடனைவிட இந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீங்கள் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் கேட்கிறேன். மாமா சொல்வது சரிதானா? நான் சேரலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடனைவிட மாமாவின் சொல் உங்களை அதிகமாக உறுத்துகிறது என்று எழுதியிருப்பதைப் படித்தபோது மகிழ்ந்தேன். அந்தக் கேள்வி எழாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பது என் எண்ணம். ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகளில் பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற, ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள, நான்கு பேர் அமரும் சிறு விமானத்தில் கழியும். அங்கிருந்து நீங்கள் போய் உட்காரப்போகும் ஏர்பஸ் ஏ320 ஏறத்தாழ 78 டன் எடையோடு ஓடுபாதையை விட்டு எழுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாமாவின் அச்சம் நியாயமானதுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே நடப்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. உரிமம் வாங்கியவர் நேராகப் பயணிகள் விமானத்தில் ஏறிவிடுவதில்லை. குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங் பயிற்சியில், சிமுலேட்டர் எனப்படும் மாதிரி விமானி அறைக்குள் எஞ்சின் தீப்பிடிப்பதையும், புறப்படும் நொடியில் ஒரு எஞ்சின் நின்றுபோவதையும், கேபின் அழுத்தம் இழப்பதையும் திரும்பத் திரும்பக் கையாண்டு தேற வேண்டும். அதன்பின் பயிற்சி கேப்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, உண்மையான பயணங்களிலேயே பழகும் லைன் டிரெயினிங் நடக்கும். அதன் தொடக்கத்தில் பின்னிருக்கையில் இன்னொரு தகுதி பெற்ற விமானியும் இருப்பார். அதற்கென்று வைக்கப்படும் சோதனையிலும் தேறிய பிறகே துணை விமானியாகச் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகும் எல்லாக் கேப்டன்களும் உங்களிடம் தரையிறக்கத்தை ஒப்படைத்துவிட முடியாது. அதற்கான தகுதி பெற்ற கேப்டன் பக்கத்தில் இருக்க வேண்டும், பருவமழைக்கால மோசமான வானிலையில் அதற்கும் விதிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. கேப்டனாவதற்குத் தேவையான உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும்.

மணிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பாதுகாப்பு கூடிவிடும் என்று நம்பியவர்கள் அமெரிக்கர்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டிய கேப்டன், கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். அதையொட்டி வந்த சட்டத்தின்படி 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் தேவை என்றாயிற்று. ஆனால் விபத்துக்குள்ளான அந்த இரு விமானிகளுமே 1500 மணி நேரத்தை எப்போதோ தாண்டியவர்கள். அந்தச் சட்டத்தை நான் முற்றிலும் குறை சொல்லமாட்டேன். மணிகளைச் சேர்ப்பதற்காகப் பயிற்றுநராகச் சில ஆண்டுகள் கழிக்கும் அமெரிக்க இளைஞர், மாணவர் செய்யும் தவறுகளைத் தானே திருத்தித் திருத்தித் தனியாக முடிவெடுக்கப் பழகிவிடுகிறார். கேடட் வழியில் வருபவருக்கு உண்மையாகவே குறைவாக இருப்பது இதுதான்.

இதனால்தான் உங்கள் 200 மணி நேரத்தில் ஒரு பாதியை மிகுந்த கவனத்தோடு செலவழிக்கச் சொல்கிறேன். அதில் குறைந்தது 100 மணி நேரம் நீங்களே விமானத்தின் பொறுப்பாளராகப் பறக்க வேண்டும். இடையில் இரு வேறு விமானநிலையங்களில் இறங்கி ஏறி, 300 கடல் மைலுக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர் நீளமுள்ள பயணமும் ஒன்று உண்டு. இதற்குப் பிறகு நீங்கள் கேப்டன் ஆகும்வரை, அதாவது பல ஆண்டுகளுக்கு, தனியாக முடிவெடுக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. போகும் வழியில் மேகம் திரள்வதைப் பார்த்துத் திரும்பி வருவதா, தொடர்வதா என்று நீங்களே தீர்மானித்த ஒரு பிற்பகல், வெயிலில் ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்த இருபது மணி நேரத்தைவிட உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். பறக்காத மணிகளை, பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு அன்றே வெளியேறிவிடுங்கள். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் 2011-இல் நம் நாட்டில் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் என் சீருடையைப் பார்த்த பயணிகளின் முகத்தை நான் மறக்கவில்லை.

மாமாவிடம் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தார்கள். கேப்டன் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். விமானம் உரிய உயரத்துக்கு மேலேயே வந்துகொண்டிருப்பதைக் கண்ட துணை விமானி, இறங்காமல் மேலெழும்படி மூன்று முறை சொன்னதாகவும், கேப்டன் அதைக் கேளாமல் தரையிறக்கத்தைத் தொடர்ந்ததாகவும் விசாரணை நீதிமன்றம் பதிவு செய்தது. துணை விமானி தாமே கட்டுப்பாட்டை ஏற்று விமானத்தை மேலெழுப்பவில்லை என்பதையும், அவ்வாறு செய்ய அவருக்கு உள்ள அதிகாரம் குறித்த அறிவுறுத்தல்கள் தெளிவாக இல்லாதது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. கேப்டன் அமரும் இடப்பக்க இருக்கையில் ஆயிரக்கணக்கான மணிகள் இருந்தும், துணை விமானி அமரும் வலப்பக்கத்துக் குரல் செல்லுபடியாகாததால் அந்த மணிகளால் பயனில்லாமல் போயிற்று.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். 1980-களில், ஆவ்ரோ விமானத்தில் நான் துணை விமானியாகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மழை விட்டிருந்த ஒரு மாலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது வேகம் கூடுதலாக இருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கேப்டன் என் வயதைப்போல் பாதிக்காலம் பறந்தவர் என்பதால், அவரும் பார்த்திருப்பார் என்று பேசாமல் இருந்தேன். ஓடுபாதை மிக அருகில் வந்தபோது அவர் இறக்கத்தைக் கைவிட்டு மேலெழுந்தார். இரண்டாம் முறை பத்திரமாக இறங்கி எஞ்சினை அணைத்த பிறகு, "வேகத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "நான் கடைசியில்தான் பார்த்தேன். நீ சொல்லியிருந்தால் முன்னமே பார்த்திருப்பேன்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அன்றிரவு முழுவதும் நான் தூங்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது, பயிற்சியின் முதல் வாரத்திலேயே பயிற்றுநரிடம் இரண்டைக் கேளுங்கள்: எந்த நிலையில் நான் "கோ அரவுண்ட்" (இறங்காமல் மேலெழுங்கள்) சொல்ல வேண்டும், சொல்லியும் கேட்காவிட்டால் எந்த நிலையில் நான் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் கையேட்டில் இதற்கான வாக்கியங்களைத் தேடி மனப்பாடம் செய்யுங்கள். மரியாதையாக வளர்க்கப்பட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரியவரை இடைமறித்துப் பேசுவதுதான் மிகக் கடினமான பாடமாக இருக்கிறது. சிமுலேட்டரில் எஞ்சின் தீயை அணைக்கப் பழகுவதுபோல் அதையும் பழக வேண்டும்.

எழுத்துத் தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வானிலையியல், வழிசெலுத்தல், விதிமுறைகள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் 70 விழுக்காடு எடுக்க வேண்டும்; ரேடியோ உரையாடலுக்குத் தனித்தேர்வு உண்டு. இயற்பியல் படித்த உங்களுக்கு அவை எட்டாதவை அல்ல.

பணத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்ததைப் பயிற்சிப் பள்ளிகள் எல்லா விளம்பரத்திலும் சொல்லும். அந்த விமானங்கள் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருபவை. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், அதே 2023-இன் மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் நின்றுபோனதை அவர்கள் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் பெருந்தொகையாக வேலை தேடி வந்தார்கள், 200 மணி நேரக்காரர்கள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள், கடனுக்கான வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. கேடட் திட்டத்தில் கிடைக்கும் வேலைக் கடிதம் பெரும்பாலும் நிபந்தனைக்கு உட்பட்டது. பயிற்சி முடியும் நாளில் நிறுவனம் ஆள் எடுக்கவில்லையென்றால் என்ன ஆகும், நடுவில் மருத்துவக் காரணத்தால் நீங்கள் விலக நேர்ந்தால் எவ்வளவு பணம் திரும்பும், டைப் ரேட்டிங் கட்டணம் இந்த ஒரு கோடிக்குள் அடங்குமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வாய்ச்சொல்லை அப்பா நம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு, தோட்டம் இரண்டையும் சேர்த்து அடகு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வேலை கிடைக்க இரண்டு ஆண்டுகள் தாமதமானாலும் குடும்பம் இருக்க ஒரு கூரை வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறக்குருடு, காது, இதயத்துடிப்பு என்று நீங்கள் இதுவரை அறியாத ஏதாவது ஒன்று அங்கே தெரியவரலாம். கண்ணாடி அணிவது மட்டும் தடையாக இருக்காது. அந்தச் சான்று கைக்கு வரும்வரை பத்திரத்தோடு அப்பா வங்கிக்குப் போக வேண்டாம். சான்று கிடைத்ததும் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். பணம் திரும்புவது பற்றிய பகுதியை நான் வரிவரியாகப் படித்து எழுதுகிறேன். மாமாவையும் அன்று உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.