நடுக்கடலில் போர்க்கப்பலை இழுத்துச் செல்லும் கடற்படை இழுவைக் கப்பல் எப்படி வேலை செய்கிறது?

எந்திரம் நின்றுபோன, தாக்குதலில் சேதமான, அல்லது பணியிலிருந்து விலக்கப்பட்ட கப்பலை நாள்கணக்கில் கடலில் இழுத்துச் செல்வது இதன் வேலை. துறைமுகத்துக்குள் கப்பல்களைத் தள்ளித் திருப்பும் சிறிய இழுவைப் படகு (டக்) வேறு. அமெரிக்கக் கடற்படையின் பவ்ஹாட்டன் வகைக் கப்பல் சுமார் 69 மீட்டர் நீளம்தான். 2000 அக்டோபரில் யேமனின் ஏடன் துறைமுகத்தில் குண்டுவெடிப்பில் ஓட்டை விழுந்த யுஎஸ்எஸ் கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வெளியே இழுத்து வந்தது அந்த வகையைச் சேர்ந்த கட்டாபா என்ற கப்பல்.

எந்திர பலம் வேண்டும்தான். ஆனால் சூட்சுமம் இரு கப்பல்களையும் இணைக்கும் எஃகு வடத்தில் இருக்கிறது. ஆழ்கடலில் அதைப் பல நூறு மீட்டர் விடுவார்கள். தன் எடையாலேயே அது நடுவில் நீருக்குள் தொய்ந்து தொங்கும். அலை இரு கப்பல்களையும் விலக்கும்போது முதலில் தொய்வு நிமிரும். அதிர்ச்சி அதிலேயே கரைந்துவிடும். பழுதான காரைக் குட்டைக் கயிற்றில் கட்டி வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறுவது இந்தத் தொய்வு இல்லாததால்தான்.

இழுபடும் கப்பலின் முனையில் கனத்த சங்கிலி இணைப்பார்கள். அது தொய்வைக் கூட்டும், விளிம்பில் உரசினாலும் எளிதில் தேயாது. ஆழம் குறைந்த இடத்தில் வடத்தைச் சுருக்காவிட்டால் கடலடியில் சிக்கும். சுருக்கினால் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து, வடம் பக்கவாட்டில் திரும்பி இழுப்பது. இழுவைக் கப்பலே நொடிகளில் கவிழ்ந்துவிடும்.

வடம் விறைப்பாக நின்றால் நன்றாக இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அறுபடுவதற்கு முந்தைய எச்சரிக்கை.