இன்னும் எத்தனை நாள்? ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர், நாலு கணக்கு

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"மகளுக்கு 2027 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இன்று 2026 அக்டோபர் 5. ராத்திரி எட்டு மணிக்கு வளவில் உட்கார்ந்து இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினோம். மாமியார் 112 என்கிறார். மகன் 111 என்கிறான். போனில் முகூர்த்த நேரத்தைப் போட்டுப் பார்த்தால் 110 காட்டுகிறது. கொழுந்தனாரோ மூணு மாசம் பத்தொன்பது நாள், ஆக 109 என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி? ரயில் டிக்கெட், பேங்க் டெபாசிட், வட்டி எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு தேவைப்படுகிறது. பேப்பரில் போடும் வழியையும் சொல்லுங்கள்."

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் 5 போக மிச்சம் 26. நவம்பர் 30, டிசம்பர் 31. ஜனவரியில் 24. கூட்டினால் 111. உங்கள் மகன் சொன்னதுதான்.

சரியா என்று பார்க்கக் கிழமை போதும். 111-ஐ ஏழால் வகுத்தால் 15 வாரம் போக 6 மிச்சம். அக்டோபர் 5 திங்கட்கிழமை. திங்களிலிருந்து ஆறு கிழமை தள்ளினால் ஞாயிறு. காலண்டரிலும் ஜனவரி 24 ஞாயிறுதான். கிழமை ஒத்துவராவிட்டால் கூட்டலில் எங்கோ பிசகு என்று அர்த்தம். எந்த ஆப்பில் பார்த்தாலும், எத்தனை பேர் சேர்ந்து எண்ணினாலும் இந்த ஒரு சோதனையை விடாதீர்கள்.

அடிக்கடி கணக்குப் போடுபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு மாதம் முடியும்போதும் வருஷத்தில் எத்தனை நாள் கழிந்திருக்கிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்: 31, 59, 90, 120, 151, 181, 212, 243, 273, 304, 334, 365. செப்டம்பர் முடிய 273, அதோடு 5 சேர்த்தால் அக்டோபர் 5 என்பது வருஷத்தின் 278-வது நாள். 365-இல் அதைக் கழித்தால் 87. ஜனவரியின் 24-ஐச் சேர்த்தால் அதே 111. லீப் வருஷம் வந்தால் பிப்ரவரி முடிவு எண்ணிலிருந்து எல்லாவற்றிலும் ஒன்று கூடும். அடுத்த லீப் வருஷம் 2028, அதனால் இந்தக் கல்யாணத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இனி மற்ற மூவர். உங்கள் மாமியார் சொன்ன 112 தப்பில்லை. இன்றையும் சேர்த்து, கல்யாண நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். நம் ஊர்ப் பக்கம் சடங்குக்கும் திருவிழாவுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் எண்ணுவோம். காப்புக் கட்டிய நாளே முதல் நாள். ஒரு சாவு விழுந்தால் அன்றைய நாளையும் சேர்த்தே பதினாறு. "இன்னைக்கு எட்டாம் நாள்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அடுத்த வாரம் இதே கிழமையைச் சொல்கிறார். எட்டு நாள் கழித்து என்று எடுத்துக்கொண்டு மறுநாள் போய் நின்றால் பந்தி முடிந்திருக்கும்.

ஆனால் இதுவே எல்லா இடத்துக்கும் பொது விதி இல்லை. இந்த இடைவெளிக்குள் நகரத்தார் வீடுகளில் வரும் பிள்ளையார் நோன்பையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகை முடிந்து 21 நாள் என்பது கணக்கு, நோன்பன்று திரி ஏற்றி எடுத்து உண்ணும் மாவு இழைக்கும் 21 நூல் திரி. இங்கே கார்த்திகை தீபத்தன்று சேராது, மறுநாள்தான் ஒன்று. நட்சத்திர வரிசையை வைத்து இதைச் சரிபார்க்கலாம். கார்த்திகை 3-வது நட்சத்திரம், நோன்புக்குரிய சதயம் 24-வது. கழித்தால் 21. திதியில் பார்த்தாலும், பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்கு 15, அங்கிருந்து சஷ்டிக்கு 6, ஆக 21. இரண்டு பக்கமிருந்து வந்தாலும் ஒரே எண் விழுகிற அழகான ஏற்பாடு. ஆனாலும் திதியும் நட்சத்திரமும் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. சில வருஷம் ஒரு நாள் முன்னே பின்னே தள்ளும். ஆகவே நோன்புக்குக் காலண்டரில் 21 எண்ணிக்கொண்டிருக்காமல் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

போன் காட்டிய 110-ம் தப்பில்லை. அது நாளை எண்ணவில்லை, மணியை எண்ணுகிறது. நீங்கள் பார்த்தது ராத்திரி 8 மணி. முகூர்த்தம் காலை 6 மணி என்று போட்டிருந்தால் மிச்சம் 110 நாள் 10 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை விட்டுவிட்டு 110 என்கிறது. அதே போனில் காலை 5 மணிக்குப் பார்த்திருந்தால் 111 என்று காட்டியிருக்கும். கவுன்ட்டவுன் ஆப் வைத்திருப்பவர்கள் நிகழ்ச்சி நேரத்தைப் போடாமல் தேதியை மட்டும் போட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

கொழுந்தனார் கணக்கு மட்டும்தான் இடிக்கிறது. அக்டோபர் 5 முதல் ஜனவரி 5 வரை மூன்று மாசம், அப்புறம் 19 நாள். அதுவரை சரி. மூன்று மாசத்தை 90 நாள் ஆக்கியதில்தான் வழுக்கிவிட்டார். அக்டோபரும் டிசம்பரும் 31 நாள் மாசங்கள் ஆனதால் அந்த மூன்று மாசத்தில் 92 நாள் இருக்கிறது. விட்டுப்போன அந்த இரண்டு நாள்தான் 109-க்கும் 111-க்கும் உள்ள வித்தியாசம். மாசத்தில் சொன்னதை மாசமாகவே வைத்துக்கொள்ளலாம், நாளில் சொன்னதை நாளாகவே வைத்துக்கொள்ளலாம். ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது காலண்டரைத் திறந்தே ஆக வேண்டும். தமிழ் மாசமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதில் 29 நாள் மாசமும் உண்டு, 32 நாள் மாசமும் உண்டு. தினசரி காலண்டரில் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி இரண்டும் இருக்கும். இங்கிலீஷ் தேதிக்கு மாற்றிக்கொண்டு கழிப்பதே சுலபம்.

இந்த இரண்டு நாள் விஷயம் வட்டியில் காசாகத் தெரியும். கல்யாணச் செலவுக்கு இன்று ஒரு லட்சம், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறீர்கள், கல்யாணத்தன்று மொய் வந்ததும் திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். மாசக் கணக்கில் மூன்று மாசத்துக்கு 3,000, பத்தொன்பது நாளுக்கு முப்பதில் ஒரு பங்கு வீதம் 633, ஆக 3,633 ரூபாய். வருஷத்துக்கு 12 சதவீதம், 365 நாள், 111 நாள் என்று போட்டால் 3,649. மாசத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டு, ஆனால் 111 நாளையும் எண்ணி வாங்கினால் 3,700. மூன்றுமே புழக்கத்தில் உள்ள முறைதான். கடைசியில் சொன்னது கொடுப்பவருக்குச் சாதகம், முதலில் சொன்னது உங்களுக்குச் சாதகம். எந்த முறை என்று பணம் கைமாறும் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தொகையை, அதாவது கணக்கு முடிப்பை, காசு சுத்தமாகப் போட்ட ஊர் இது. அவ்வப்போது மாறும் நடப்பு வட்டியா, கெடு வைத்த தவணை வட்டியா என்று பேசாமல் நம் பாட்டன்மார் யாரும் பணத்தை வெளியே விட்டதில்லை. நமக்கு மட்டும் எதற்குக் கூச்சம்?

டெபாசிட்டுக்கு வருவோம். போட்ட நாளுக்கு வட்டி உண்டு, முதிர்வு நாளுக்குக் கிடையாது. ஆகவே பேங்கில் வேண்டிய எண் சாதாரணக் கழித்தல் எண்தான், மாமியாரின் 112 இங்கே உதவாது. அதற்காக 111 நாளுக்குப் போட்டுவிடாதீர்கள். அது முதிர்வது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் கல்யாணத்தன்று. முந்தின நாள் ஜனவரி 23 நாலாவது சனிக்கிழமை, அன்றும் பேங்க் கிடையாது. விடுமுறையில் முதிர்ந்தால் அடுத்த வேலை நாளில் அந்த நாளுக்கும் வட்டி சேர்த்துத் தருவார்கள், அது வேறு விஷயம். சமையல்காரருக்குத் திங்கட்கிழமை வரை தவணை சொல்ல முடியுமா? அதனால் 98 நாளுக்குப் போடுங்கள். சரியாக 14 வாரம், ஜனவரி 11 திங்கட்கிழமை, பொங்கலுக்கு முன் பணம் கைக்கு வந்துவிடும். இரண்டு லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 33 ரூபாய். பதின்மூன்று நாள் முன்னால் எடுப்பதால் போவது ஏறக்குறைய 430 ரூபாய். நிம்மதிக்கு அது மலிவு.

மண்டபத்துக்கோ பந்தல்காரருக்கோ இன்றைய தேதி போட்ட செக் கொடுத்து, "கல்யாணம் முடிந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். செக்கின் ஆயுள் மூன்று மாசம்தான். ஜனவரி முதல் வாரத்தோடு அது வெறும் தாள்.

ரயில் டிக்கெட்டில்தான் ஒரு நாள் பிசகினால் கை சுடும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. இந்த 60-இல் பயண நாள் சேராது. முந்தின நாளே வந்து சேரும்படி சென்னை உறவினர்கள் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை ராத்திரி ராமேஸ்வரம் வண்டியில் ஏறிக் காரைக்குடியில் இறங்குகிறார்கள் என்றால் பின்னோக்கி எண்ண வேண்டும். ஜனவரியில் 22 நாள் பின்னே போனால் டிசம்பர் 31. அங்கிருந்து 31 போனால் நவம்பர் 30. இதுவரை 53 ஆயிற்று, மிச்சம் 7. ஆக நவம்பர் 23, திங்கட்கிழமை, காலை 8 மணி. இன்றிலிருந்து சரியாக ஏழு வாரம். பயண நாளையும் சேர்த்து எண்ணுகிறவர் 24-ஆம் தேதி போய் உட்காருவார். தை மாச முகூர்த்த நாளுக்கு அந்த ஒரு நாளில் வெயிட்டிங் லிஸ்ட்தான் மிஞ்சும்.

வீட்டு வேலை ஏதாவது வைத்திருந்தால் 111 என்ற எண்ணை நம்பி இருக்க வேண்டாம். நாளையிலிருந்து கல்யாணத்துக்கு முதல் நாள் வரை 110 நாள், அதில் 15 ஞாயிறு. போக 95. தீபாவளி நவம்பர் 8, அது ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுவதால் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை, ஆனால் கொத்தனார் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் வரமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். அதோடு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. முகப்பில் ஆத்தங்குடிக் கல் மாற்றுவதாகச் சொல்லியிருந்தால் இந்த வாரமே ஆர்டர் கொடுங்கள். கையால் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிற கல் அது, மழைக்காலத்தில் அவசரப்படுத்த முடியாது. வெள்ளையடிப்பை மட்டும் ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளிவிடலாம்.

கம்ப்யூட்டரில் போட விரும்பினால் எக்செல்லில் ஒரு கட்டத்தில் இன்றைய தேதி, அடுத்ததில் கல்யாணத் தேதி, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் போதும். அது 111 தான் தரும். இரண்டு முனையும் சேர வேண்டுமானால் நீங்களே ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை ஒன்று: கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் மாதத்தை முதலில் படிக்கும். 05-10-2026 என்று அடித்தால் மே 10 என்று எடுத்துக்கொள்ளும், 11-01-2027 நவம்பர் 1 ஆகிவிடும். டெபாசிட்டுக்கு 98 வர வேண்டிய இடத்தில் 540 வந்து நிற்கும். 24-01-2027 என்றால் 24-வது மாதம் இல்லாததால் கணக்கே போடாமல் பிழை காட்டும். அது பரவாயில்லை, பிழை என்றாவது தெரிகிறது. வருஷத்தை முதலில் வைத்து 2027-01-11 என்று அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

கெடு வைத்த நோட்டீஸ், அரசாங்கக் காகிதம் இவற்றுக்கெல்லாம் 1897-ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் 9-வது பிரிவுதான் பொதுவான அளவு. "இந்தத் தேதியிலிருந்து" என்று சட்டத்தில் இருந்தால் அந்தத் தேதி சேராது, மறுநாள் ஒன்று. கடைசி நாள் சேரும். இதுவும் சாதாரணக் கழித்தல்தான்.

உங்களுக்கு இது கல்யாணம் முடிந்ததும் தேவைப்படும். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் அவகாசம். ஜனவரி 24 போக அந்த மாதத்தில் 7, பிப்ரவரி 28, மார்ச் 31, ஆக 66. மிச்சம் 24. கடைசி நாள் ஏப்ரல் 24. பிப்ரவரி குட்டை மாசம் என்பதால் இந்த ஒரு தடவை மூன்று மாசமும் 90 நாளும் அச்சாக ஒத்துப்போகின்றன, கொழுந்தனாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஆனால் அன்று சனிக்கிழமை. ஏப்ரல் 23 வெள்ளிக்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள்.