நெஞ்சு ஆபரேஷனும் தாறுமாறான துடிப்பும்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு 68 வயது. நுரையீரல் கட்டிக்காக பெங்களூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கொல்கிசின் மாத்திரை கொடுத்தால் அப்புறம் இதயத்துடிப்பு கெடாது என்கிறான் தம்பி. டாக்டரிடம் கேட்கலாமா? (பாலக்கோடு)

தாராளமாகக் கேளுங்கள். தம்பி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் உள்ளே அழற்சி உண்டாகும். அது இதயத்தின் மேலறைகளைச் சீண்டிவிட, துடிப்பு ஒழுங்கு தப்பும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். பெரும்பாலும் 2 முதல் 4 நாளுக்குள் வரும். அழற்சியைத் தணித்தால் துடிப்பும் அடங்கும் என்ற எண்ணத்தில், மூட்டு வாத நோயான கவுட்டுக்குத் தரும் கொல்கிசினைச் சோதித்துப் பார்த்தார்கள்.

11 நாடுகளில், இதயம் தவிர்த்த பெரிய நெஞ்சு ஆபரேஷன் செய்துகொண்ட 3,209 பேரிடம் நடந்த சோதனை 2023இல் லான்செட் இதழில் வந்தது. பாதிப் பேருக்கு 0.5 மில்லிகிராம் மாத்திரை, தினம் இருவேளை, 10 நாள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. துடிப்புக் கோளாறு மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 6.4 பேருக்கும், எடுக்காதவர்களில் 7.5 பேருக்கும் வந்தது. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். வயிற்றுப்போக்கோ 2.4இலிருந்து 8.3 ஆக ஏறிவிட்டது. ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்காரவே தெம்பில்லாதவருக்கு நாலு தடவை வயிறு போனால் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் அதுவே துடிப்பைக் கெடுக்கும். அதனால் எல்லாருக்கும் இதைக் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

இதைவிட முக்கியமாக ஒன்று. அப்பா ஏற்கெனவே மெட்டோப்ரோலால் போன்ற, இதயத்துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆபரேஷன் வருகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதே கோளாறு வர வாய்ப்பு கூடும்.

கொல்கிசின் செங்காந்தள் கிழங்கில் இருக்கிறதாமே? எங்கள் வேலியோரம் நிறைய முளைத்திருக்கிறது. (காரிமங்கலம்)

இருக்கிறது. அதனால்தான் பயப்படுகிறேன். கலப்பை வடிவில் இருக்கும் அந்தக் கிழங்கில் மருந்து எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் வாந்தி, பேதி. சாதாரண வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடுவோம். ஓரிரு நாளில் சிறுநீரகம், ரத்த அணுக்கள் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். உயிரே போயிருக்கிறது. தயவுசெய்து காய்ச்சிக் குடிக்க வேண்டாம். பிள்ளைகள் கைக்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு பைபாஸ் ஆகி மூன்று வாரம். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிடுகிறார். அதுவும் அழற்சி மருந்துதானே? (பென்னாகரம்)

அழற்சி மருந்துதான், ஆனால் கொல்கிசின் வகை இல்லை. துடிப்பையும் காப்பாற்றாது. பைபாஸுக்குப் பிறகு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும். சிறுநீரகத்தையும் படுத்தும். உடன் ஆஸ்பிரினும் இருந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்தே எலும்பும் மூட்டும் நொந்துபோன ஊர்க்காரர்கள் நாம், வலி எனக்குப் புரிகிறது. இன்றே நிறுத்திவிட்டு, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

கவுட்டுக்குக் கொல்கிசின் எடுக்கிறேன். ஆபரேஷனுக்கு முன் சொல்ல வேண்டுமா? (ஓசூர்)

கட்டாயம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கொல்கிசின் உடம்பில் தேங்கி விஷமாகும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிப்பது? (ஊத்தங்கரை)

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். தையல் மிஷின் போலச் சீராக ஓடினால் சரி. ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, நடுவில் ஒன்று காணாமல் போனால் அன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும். ஒருவர் இதை வாயுத் தொல்லை என்று நினைத்து இரண்டு நாள் சோடா குடித்துவிட்டு என்னிடம் வந்தார். நாடி நிமிடத்துக்கு 140. மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.