சமஸ்கிருதம் தெரியாமல் ஞானம் கிடைக்குமா?

வணக்கம். 52 வயதில் சமஸ்கிருத விபக்தி (வேற்றுமை) அட்டவணைகளோடு போராடுவதில் தியானத்துக்கே நேரமில்லை, “சமஸ்கிருதம் வராதவருக்கு ஞானம் வராது” என்று வகுப்பில் சொன்னது மனதை அறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

ரமணரைப் பாருங்கள். 1896-ல் மதுரையில் ஆன்ம அனுபவம் வாய்த்தபோது அவருக்கு வயது 16. உபநிடதம் எதையும் அவர் படித்திருக்கவில்லை. திருவண்ணாமலைக்குப் போன பிறகு அன்பர்கள் கொண்டுவந்த நூல்களைப் பார்த்துத்தான், தாம் கண்டதைச் சாஸ்திரங்களும் சொல்கின்றன என்று அறிந்தார். சமஸ்கிருதமும் அதற்குப் பின்னால் வந்ததுதான். அதில் கவிதையே எழுதினார். ஆனால் 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பரின் கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்கள், இன்று ‘நான் யார்?’ என்று நாம் படிப்பவை, தமிழில் பிறந்தவை.

சங்கரரின் உரைகளை ஆராயவோ பாடம் சொல்லவோ விரும்பினால் இலக்கணம் கட்டாயம் வேண்டும். உங்கள் நோக்கம் அதுவல்லவே! சங்கரர் பெயரில் வழங்கும் பஜகோவிந்தமே, மரணம் நெருங்கும்போது இலக்கண சூத்திரம் காக்காது என்றுதான் தொடங்குகிறது.

முதலில் தியான நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். வேதாந்தம் படிக்க, தமிழிலேயே எழுந்த கைவல்ய நவநீதம் இருக்கிறது. மொழி ஆசை விடவில்லையென்றால், கீதை இரண்டாம் அத்தியாயத்தைப் பதவுரையோடு நாளுக்கு ஒரு சுலோகமாகப் படியுங்கள். தேர்வு எதுவும் எழுத வேண்டாம்.