கணினி கேள்வி பதில்: ரன்டைம் இருக்கு, எஸ்டிகே எங்கே?

(கட்டளைகளை இந்தப் பக்கத்துல தமிழ் எழுத்துல தர்றோம். நீங்க அடிக்கும்போது ஆங்கிலத்துல, எல்லாமே சின்ன எழுத்துல அடிங்க. ஃபைலுக்குள்ள எழுதற சி ஷார்ப் பேர்கள் மட்டும் வேற, அதுல ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் பெரிய எழுத்துல தொடங்கும்.)

கேள்வி: சி ஷார்ப்ங்கற புரோகிராம் மொழியைக் கத்துக்கலாம்னு, அதை ஓட்டற மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டோட ரன்டைமை டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணேன். 'டாட்நெட் நியூ கன்சோல்'னு அடிச்சா எஸ்டிகே எதுவும் இல்லைன்னு சொல்லுது. எடுத்துட்டு திரும்பவும் போட்டுப் பாத்தேன், அதே கதைதான். கம்ப்யூட்டர்ல கோளாறா சார்?

கம்ப்யூட்டர் மேல பழி போடாதீங்க, அது உண்மையைத்தான் சொல்லுது. ரன்டைம்ங்கறது ஏற்கனவே எழுதி முடிச்ச புரோகிராமை ஓட்டறதுக்கு மட்டும். அதுல கம்பைலர் (நீங்க எழுதறதை ஓடற புரோகிராமா மாத்தறது) கிடையாது, புது ப்ராஜெக்ட் உருவாக்கற டெம்ப்ளேட்டும் கிடையாது. நீங்க எழுதப் போறவர், அதனால உங்களுக்கு வேண்டியது எஸ்டிகே, அதாவது புரோகிராம் எழுதறதுக்கான கருவிப்பெட்டி. எஸ்டிகே போட்டா ரன்டைமும் கூடவே வந்துடும், தனியா போட வேண்டாம். டவுன்லோட் பக்கத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், போதாக்குறைக்கு டெஸ்க்டாப் ரன்டைம், ஏஎஸ்பி டாட்நெட் கோர் ரன்டைம்னு இன்னும் சிலதும் இருக்கும், புதுசா வர்றவங்க குழம்பறதுல ஆச்சரியமே இல்ல.

எஸ்டிகே போட்ட பிறகு, ஏற்கனவே திறந்து வச்சிருந்த கமாண்ட் விண்டோவை மூடிட்டு புதுசா ஒண்ணு திறங்க. பழைய விண்டோ திறந்தப்போ இருந்த பாத்தைத்தான் (கட்டளையை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற பட்டியல்) அது கையில வச்சிருக்கும், இப்ப சேத்தது அதுக்குத் தெரியாது. புது விண்டோவுல 'டாட்நெட்', ஒரு இடைவெளி, ரெண்டு ஹைஃபன், 'லிஸ்ட்', ஒரு ஹைஃபன், 'எஸ்டிகேஸ்'னு சேத்து அடிங்க. ஒரு வெர்ஷன் நம்பரும் அது உக்காந்திருக்கற ஃபோல்டரும் வந்தா வேலை முடிஞ்சது.

எஸ்டிகே போட்டும் இந்த லிஸ்ட் காலியா வந்தா, விண்டோஸ்ல பெரும்பாலும் ஒரே காரணம்தான். 32 பிட் டாட்நெட் ஒண்ணு வேற ஏதோ சாஃப்ட்வேரோட வந்து 'புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86' ஃபோல்டர்ல உக்காந்திருக்கும், பாத் வரிசையில அது முன்னாடி இருக்கும், நீங்க போட்ட 64 பிட் பின்னாடி நிக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல 'வேர் டாட்நெட்'னு அடிச்சா எது முதல்ல வருதுன்னு தெரிஞ்சுடும் (பவர்ஷெல்ல 'வேர்' வேற ஒரு கட்டளை, அங்க 'வேர் டாட் இஎக்ஸ்இ'ன்னு முழுசா அடிக்கணும்). என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்ங்கற விண்டோஸ் செட்டிங்ல போய் பாத் பட்டியல்ல 64 பிட் வரியை மேல நகர்த்திட்டு புது விண்டோ திறங்க, போதும். இதைப் பாக்காம நாலு தடவை அன்இன்ஸ்டால் பண்ணி இன்ஸ்டால் பண்றவங்கதான் அதிகம், பாத் வரிசை மாறாத வரைக்கும் எத்தனை தடவை போட்டாலும் அதே பதில்தான்.

அப்புறம் 'டாட்நெட் நியூ கன்சோல் ஹைஃபன் ஓ முதல்'னு அடிச்சா 'முதல்'னு ஒரு ஃபோல்டர் உருவாகும் (பேரையும் ஆங்கில எழுத்துலயே வைங்க, பின்னாடி தொல்லை இல்ல). 'சிடி' அடிச்சு அந்த ஃபோல்டருக்குள்ள போய் 'டாட்நெட் ரன்' அடிங்க. உள்ள போக மறந்துட்டு வெளியவே நின்னு அடிச்சா ஓட்டறதுக்கு ப்ராஜெக்ட் எதுவும் கிடைக்கலன்னு சொல்லும், எந்த ஃபோல்டர்ல தேடிச்சுங்கறதையும் அந்த மெசேஜ்லயே போட்டிருக்கும். முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுங்க, 'ஹலோ, வேர்ல்ட்!' வரும்.

கேள்வி: டாட்நெட் 8, 9, 10னு இருக்கு. எதைப் போடறது?

10. அது 2025 நவம்பர்ல வந்தது, நீண்டகால ஆதரவு உள்ள வெர்ஷன், 3 வருஷத்துக்கு அப்டேட் வரும். 2023 நவம்பர்ல வந்த 8ம் அதே வகைதான், ஆனா அதோட ஆதரவு 2026 நவம்பரோட முடியுது. இரட்டைப்படை நம்பர் நீண்டகாலம், ஒற்றைப்படை குறுகிய காலம்னு ஞாபகம் வச்சுக்கலாம். ஒண்ணுக்கு மேல போட்டாலும் சண்டை வராது, பக்கத்துல பக்கத்துல இருக்கும். விண்டோஸ் 7 மாதிரி பழசு வச்சிருக்கறவங்களுக்குத்தான் வழி இல்ல, இந்தப் புது வெர்ஷன்கள்ல அதுக்கு ஆதரவு கிடையாது.

கேள்வி: புத்தகத்துல கிளாஸ் புரோகிராம், ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்னு பத்து வரி இருக்கு. எனக்கு வந்த ஃபைல்ல மேல இருக்கற குறிப்பைத் தவிர ஒரே ஒரு வரிதான் இருக்கு. ஏதாவது விட்டுப்போச்சா?

ஒண்ணும் விட்டுப்போகல. டாட்நெட் 6லேர்ந்து கன்சோல் டெம்ப்ளேட் அப்படித்தான், அந்த மெயின் எல்லாம் கம்பைலரே பின்னாடி எழுதிக்கும். புத்தகத்தோட ஒத்துப் பாத்து படிக்கணும்னா ப்ராஜெக்ட் உருவாக்கற கட்டளையோட கடைசியில ரெண்டு ஹைஃபன் போட்டு 'யூஸ் புரோகிராம் மெயின்'ங்கற மூணு சொல்லையும் ஹைஃபனால கோத்துச் சேருங்க, பழைய வடிவம் வந்துடும். புதுசா கத்துக்கறவங்களுக்கு ஒரு வரி போதும்ங்கறது என் கட்சி, கிளாஸ்னா என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே அதை எழுத வைக்கறதுல என்ன லாபம்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல.

கேள்வி: ப்ராஜெக்ட்ல உருவாகற 'பின்'ங்கற ஃபோல்டருக்குள்ள போய் இஎக்ஸ்இ ஃபைலை டபுள் கிளிக் பண்ணா கருப்பு விண்டோ ஒண்ணு மின்னல் மாதிரி வந்துட்டு மறைஞ்சுடுது. கிராஷ் ஆகுதா?

இல்ல, வேலையை முடிச்சுட்டுப் போயிடுது. கமாண்ட் விண்டோவுக்குள்ளேர்ந்து ஓட்டினா விண்டோ உங்களோடது, அது நிக்கும். டபுள் கிளிக் பண்ணா அந்த புரோகிராமுக்காகவே ஒரு விண்டோ திறக்கும், புரோகிராம் முடிஞ்சதும் அதுவும் போயிடும். கடைசி வரியில 'கன்சோல் டாட் ரீட்லைன்' (பின்னாடி வெறும் அடைப்புக்குறி, செமிகோலன்) போட்டா என்டர் தட்டற வரைக்கும் காத்திருக்கும்.

கேள்வி: ஹலோ வேர்ல்டுக்கு பதிலா 'வணக்கம்'னு போட்டேன் சார், ஏழு கேள்விக்குறி வருது! தமிழ் வரவே வராதா?

வரும், வரும். உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு, அஞ்சு எழுத்துக்கு ஏன் ஏழு கேள்விக்குறின்னு யோசிச்சீங்களா?

முதல்ல கேள்விக்குறி எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம். சி ஷார்ப் உள்ளுக்குள்ள யூனிகோட்லதான் (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் கொடுக்கற முறை) வேலை செய்யுது, அங்க தமிழ் பத்திரமா இருக்கு. விண்டோஸ் கன்சோலுக்கு அனுப்பும்போதுதான் சிக்கல், அது வழக்கமா பழைய கோட் பேஜ், அதாவது சின்ன எழுத்துப் பட்டியல், ஒண்ணை வச்சிருக்கும், உதாரணத்துக்கு 437ன்னு ஒண்ணு, அதுல மொத்தமே 256 இடம், தமிழுக்கு ஒரு இடம்கூட இல்ல. இடமில்லாத ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிடுது. ஃபைலோட முதல் வரியா 'கன்சோல் டாட் அவுட்புட்என்கோடிங்'குக்கு சமக்குறி போட்டு 'சிஸ்டம் டாட் டெக்ஸ்ட் டாட் என்கோடிங் டாட் யுடிஎஃப்8'னு கொடுங்க (இங்க ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்தும் பெரிய எழுத்து, 'அவுட்புட்என்கோடிங்'ல 'இ'யும் பெரிசு, யுடிஎஃப் மூணும் பெரிசு, கடைசியில செமிகோலன்). யுடிஎஃப்8ங்கறது யூனிகோட் எழுத்தை அனுப்பற ஒரு முறை, கேள்விக்குறி போயிடும். அதுக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்தா எழுத்து சரியா வந்துடுச்சு, ஃபான்ட்ல தமிழ் இல்லைன்னு அர்த்தம், விண்டோஸ் டெர்மினல்ல ஓட்டிப் பாருங்க. லினக்ஸ்ல டெர்மினல் பெரும்பாலும் யுடிஎஃப்8லயே இருக்கறதால இந்தத் தொல்லை கிடையாது.

அப்பவும் கொம்பும் காலும் கொஞ்சம் விலகி நிக்கலாம். கன்சோல்ங்கறது ஒரே அகலத்துல கட்டம் போட்ட திரை, நம்ம எழுத்தோ ஒண்ணு ஒரு அகலம். புரோகிராம் சரியா இருக்கான்னு சந்தேகம் வந்தா 'ஃபைல் டாட் ரைட்ஆல்டெக்ஸ்ட்' வச்சு ஒரு ஃபைல்ல எழுதி நோட்பேட்ல திறந்து பாருங்க, அழகா இருக்கும்.

இப்ப அந்த ஏழு. 'க்'ங்கறது நமக்கு ஒரு எழுத்து, யூனிகோட்ல 'க' ஒண்ணு, புள்ளி ஒண்ணு. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி, மொத்தம் ஏழு. 'வணக்கம்' டாட் லெங்த் கேட்டாலும் 7தான் சொல்லும். நாம எண்ணற மாதிரி அஞ்சுன்னு வரணும்னா 'சிஸ்டம் டாட் குளோபலைசேஷன்'ல இருக்கற 'ஸ்ட்ரிங்இன்ஃபோ'வுல 'லெங்த்இன்டெக்ஸ்ட்எலிமென்ட்ஸ்' கேளுங்க. தமிழ்ப் பேரை எழுத்து எழுத்தா திருப்பிப் போடற புரோகிராம் எழுதினா இது கட்டாயம் வேணும், இல்லாட்டி புள்ளி முன்னாடி வந்து நிக்கும்.

கேள்வி: இதுக்கெல்லாம் விஷுவல் ஸ்டூடியோங்கற மைக்ரோசாஃப்டோட புரோகிராம் எழுதற சாஃப்ட்வேர் வேணுமா?

வேண்டாம். எஸ்டிகேயும் நோட்பேடும் போதும்.