கண்டி மாவட்டத் தெல்தெனியவில் ராத்திரி அதிர்ந்தது மண்சரிவா, நில அதிர்வா?

பெரும்பாலும் நில அதிர்வுதான். உறுமல் கேட்டு, ராக்கையில் தட்டுகள் கிலுகிலுத்து, சில விநாடியில் எல்லாம் அடங்கிவிட்டது என்கிறீர்களே.

நம் இலங்கைத் தீவு புவித்தட்டின் விளிம்பில் இல்லை. ஆனாலும் பழைய பாறைப் பிளவுகளில் சேர்ந்த அழுத்தம் எப்போதாவது விடுபடும். 2020 ஆகஸ்டில் பக்கத்து ஊரான திகனப் பக்கமும் சிறு அதிர்வு வந்தது.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சுவரில் வெடிப்பு விழுந்திருந்தால், அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினால் அந்தக் காம்பராவில் (அறையில்) யாரையும் படுக்கவிடாதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளை.

ஆனால் மழை நேரத்தில் வீட்டுக்கு மேலே சரிவில் புது வெடிப்போ, திடீரென்று கலங்கிய ஊற்றோ தென்பட்டால் அது வேறு விஷயம், மண்சரிவின் அறிகுறி. சாமான் எடுக்க நிற்காமல் எல்லாரும் வெளியேறுங்கள். அப்புறம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, 117க்கு, அழையுங்கள்.