அரண்மனை ஞானஸ்நானம்: தேநீரில் நனைத்த கவுன்

கேள்வி: பிரிட்டிஷ் அரச குடும்பத்து ஞானஸ்நானப் படங்கள் எல்லாவற்றிலும் குழந்தைக்கு ஒரே கவுன்தான். நிஜமாகவே அதே துணியா?

பதில்: 2004 வரை அதே துணிதான். விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்காக 1841இல் தைத்தது. உள்ளே லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த பட்டு, மேலே ஹானிட்டன் லேஸ் என்ற கைப்பின்னல் வேலைப்பாடு. தைத்தவர் ஜேனட் சதர்லாந்து, ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். மொத்தம் 62 குழந்தைகள் போட்ட கவுன் அது. நம் வீட்டில் பாட்டியின் பட்டுப்புடவை என்ன பாடுபடுகிறது என்று யோசித்தால் தெரியும்!

கேள்வி: அப்படியானால் வில்லியம், கேட் தம்பதியின் மூத்த மகன் இளவரசர் ஜார்ஜ் போட்டது?

பதில்: நகல். பழையது நைந்துபோனதால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் எலிசபெத் ராணியின் உடைகளைக் கவனித்த ஏஞ்சலா கெல்லியின் குழு புதிதாகத் தைத்தது. 2008 ஏப்ரலில் ராணியின் பேரன் ஜேம்ஸ்தான் அதை முதலில் அணிந்தார். சிக்கல் என்னவென்றால், புது லேஸ் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பழையதின் மங்கிய நிறம் எப்படி வரும்? கடைசியில் கை கொடுத்தது யார்க்‌ஷயர் டீ. கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர், அதில் கொஞ்சம் தேயிலை, லேஸைத் துண்டு துண்டாக முக்கி எடுத்து, நிறம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். சாயக்காரர்களிடம் போகாமல் அடுக்களையிலேயே வழி கண்டதுதான் எனக்குப் பிடித்தது.

கேள்வி: ஆண் குழந்தைக்கும் கவுனா?

பதில்: ஆமாம். அந்தக் காலத்தில் சின்னக் குழந்தை என்றாலே கவுன்தான், ஆண் பெண் பேதமில்லை.

கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: யோர்தான் நதியிலிருந்து. அதை ஊற்றும் தொட்டி 1840இல் செய்தது. வெள்ளியில் தங்க முலாம், அல்லிப்பூ வடிவம். மற்ற நாட்களில் லண்டன் கோபுரத்தில் முடிநகைகளோடு இருக்கும். 2015இல் ஜார்ஜின் தங்கை சார்லட்டுக்காக அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்காம் எஸ்டேட் வரை கொண்டு போனார்கள்.

கேள்வி: எப்போதும் தேவாலயத்தில்தான் நடக்குமா?

பதில்: இல்லை. 1841இல் அந்த முதல் குழந்தைக்கே பக்கிங்காம் அரண்மனையின் சிம்மாசன அறையில்தான் நடந்தது. 1948 டிசம்பரில் இப்போதைய மன்னர் சார்லஸுக்கு அதே அரண்மனையின் இசை அறையில். அங்கிருந்த சிற்றாலயம் 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சில் போய்விட்டது, வேறு வழியில்லை.

கேள்வி: விருந்தில் கல்யாண கேக்கையே வைப்பார்களாமே?

பதில்: மேலடுக்கை எடுத்து வைப்பது அங்கே பழைய வழக்கம். 2011இல் வில்லியம், கேட் கல்யாணத்துக்குச் செய்த கேக்கின் ஓர் அடுக்கை 2013 அக்டோபரில் ஜார்ஜின் ஞானஸ்நானத்தில் வெட்டினார்கள். பழங்கள் நிறைந்த கனமான கேக், சீக்கிரம் கெடாது. இருந்தாலும் இரண்டரை வருஷம்! நான் என்றால் முதலில் முகர்ந்து பார்த்திருப்பேன்.